பாலில்லாத பால்ரூம்

தம்பியின் நெல் மில்,
சம்மாந்துறை.
வியாழக்கிழமை.

அன்பின் மச்சான் ஜவுபர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். தோஹாவில் நீங்களும் வீட்டாரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். உங்கள் தங்கச்சி கைருன்னிஸாவும் சுகம் என்றுதான் அறிகிறேன். பதினொரு நாளாக அவவைப் பற்றி மற்றவர்களிடம் கேட்டுத்தான் அறிகிறேன். மேலே முகவரி மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதாததற்குக் காரணம், நம் குடும்பக் குழுவுக்கு அவதான் அட்மின், என்னை நீக்கிவிட்டா. உங்களுக்குத் தனியாக அனுப்பினால் நீங்கள் அதை அப்படியே குழுவில் போடுவீர்கள் என்பது அனுபவம். ஆகவே அடுத்த கிழமை தோஹா வரும் அஸ்கியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மற்ற ஊர்களில் புருஷன் பெண்சாதிக்குள் கோபம் வந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாளாம். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு என்பதால் போக வேண்டியவன் ஆண். கல்முனைக்குடியில் உங்கள் வாப்பா மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு இருபத்தேழு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வந்தேன், அதே பெட்டியோடு வெளியே வந்தேன். இதில் எனக்கு முறைப்பாடு இல்லை. நான் நில அளவையாளன், எல்லை எதுவென்று தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். சென்ற வருடம் எனக்கு நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், என்று டாக்டர் சொல்லி, நடக்கச் சொன்னார். அதே மாதம் அறுகம்பேயில் ஒரு விடுதியின் காணியை அளக்கப் போனேன். அங்கே தங்கியிருந்த டென்மார்க்குக் கிழவர் ஒருவர் தன் மனைவியைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எழுபத்தெட்டு வயது, ஒரு மாத்திரையும் இல்லை. இதன் பெயர் பால்ரூம், இது வால்ஸ் என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மனிதருக்கு இரண்டு கால், ஆட்டமோ மூன்றில் போகிறது. அந்த மூன்றாவது அடி எந்தக் காலுக்குச் சொந்தம் என்ற கேள்வி என்னை ஆறு மாதம், ஞாயிறு தவறாமல், அறுகம்பேக்குப் போகப் பொத்துவில் பஸ்ஸில் ஏற்றியது. அந்நியப் பெண்களோடு ஆடுவது எங்கள் வழக்கமில்லை என்றேன். அவர் யோசித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தந்தார். நான் கற்றது முழுவதும் அந்தக் கதிரையோடுதான். கிழவர் தன் ஊருக்குத் திரும்பும்போது, இவர் மற்றவர்களுக்கும் கற்பிக்கலாம் என்று ஒரு அட்டையில் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். ஐம்பத்து மூன்று வயதில் நான் ஆசிரியன் ஆனது இப்படி.

இதையெல்லாம் உங்கள் தங்கச்சிக்கு மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளை அளவை வேலை என்று சொன்னது மட்டும் என் பிழை. ஆனால் ஒரு நாள் அவ தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது நேரே கேட்டேன்.

"கைருன், நம்மட முன் அறையில ஒரு பால்ரூம் தொடங்கினா என்ன?"

"நல்ல விஷயந்தானே. இவ்வளவு நாளும் என்னத்துக்குச் சொல்லாம இரிந்தீங்க?"

மச்சான், இருபத்தேழு வருஷத்துல என்ட ஒரு யோசனைக்கும் இப்பிடி உடனே ஓம் கிடைச்சதில்ல. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேணும். நிலத்துக்கு மாபிள் போடுங்க, கழுவ லேசு எண்டா. வால்ஸுக்கு வழுவழுப்பான நிலம் தேவை எண்டு இவவுக்கு எப்பிடித் தெரியும் எண்டு அதிசயப்பட்டன். காலையிலதான் கூடுதலா வரும் எண்டா, ஓம் எண்டன். பொறவு, "எரும வருமா?" எண்டு கேட்டா. இளைப்பாறின பள்ளிக்கூட அதிபர் பஹ்மியின்ட உடம்பைத்தான் சொல்றா எண்டு நினைச்சு, "கட்டாயம் வரும், முதலாவதா பேர் தந்தது அதுதான்" எண்டன். அவவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

திறப்பு நாள் காலைல உள்ளுக்கு ஆறு பேர், ஆறு பேருக்கும் சீனி, ஆளுக்கொரு கதிரையைக் கட்டிப் பிடிச்சபடி ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு சுத்துறம். பஹ்மி அதிபர் மட்டும் சுத்தாம குறிப்பெடுக்கிறார். வாசல்ல சத்தம் கேட்டுப் பாத்தா, திருக்கோவில் பால்காரர் குணம் மோட்டார் சைக்கிள்ல மூண்டு கேன் எருமைப் பாலோட நிக்கிறார். அவருக்குப் பின்னால நம்மட தெருப் பொம்புளையள் இருவது பேர், சட்டியும் போத்தலுமா. எல்லாரையும் கூப்பிட்டது உங்கட தங்கச்சி. குணம் ஜன்னலால எட்டிக் கொஞ்ச நேரம் பாத்தார்.

"சேர், கதிரையளுக்கு என்ன வருத்தம்?" எண்டு மெதுவாக் கேட்டார்.

அதுக்குள்ள கைருன் வந்துட்டா. "பால் எங்க?"

"இது அந்தப் பால் இல்ல, கைருன். இங்கிலீசுச் சொல்லு. அங்க பால் எண்டா பந்து."

"அப்ப பந்து எங்க?"

"பந்தும் இல்ல."

இருவது பேருக்கு முன்னால அவவுக்கு அந்த நிலைமை வந்ததுக்கு நான்தான் காரணம், மறுக்கல்ல. "பாலுமில்லாம பந்துமில்லாம றூம் நடத்துற ஆளுக்கு என்ட வூட்டுல றூமில்ல" எண்டா. நியாயமான வசனம். நான் பெட்டியை எடுத்தன்.

மச்சான், மில்லில் உமித் தூசுக்குள் படுக்கிறேன். தூசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவ கதைக்காத பதினொரு நாள்தான் தாங்க முடியவில்லை. நீங்கள் மூத்தவர், உங்கள் சொல்லை அவ தட்ட மாட்டா. ஒரு தரம் போன் எடுத்து, "மிஹ்லாரைக் கூப்பிடு" என்று சொன்னால் போதும். வேண்டுமென்றால் முன் அறையில் உண்மையாகவே பால் சேர்க்கலாம், நான் அளந்து ஊற்றுகிறேன்.

உங்கள் தொழிலிலும் பிள்ளைகளின் படிப்பிலும் அல்லாஹ் பறக்கத் சொரிவானாக. வீட்டாருக்கு என் சலாம்.

இப்படிக்கு,
தற்சமயம் வீடில்லாத உங்கள் மச்சான்,
மிஹ்லார்.

பின்குறிப்பு: அஸ்கியின் பயணம் இன்னும் ஒரு கிழமை பிந்தியதால் உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் கைருன் ஓட்டோவில் மில்லுக்கு வந்து இறங்கினா. "அந்தப் பொம்புளையள் என்ன உட்டாத்தானே. அவங்களுக்கும் சீனி இரிக்காம். கிளாஸ் வைக்கச் சொல்றாங்க. ஆம்புள படிப்பிக்க ஏலாது. எனக்கு நீங்க படிப்பிங்க, அவங்களுக்கு நான் படிப்பிக்கிறன்" என்றா. அப்ப நான் வீட்டுக்கு வரட்டா என்று கேட்டேன். "இப்ப வந்தா உங்களுட்டப் படிச்சன் எண்டு ஊருக்குத் தெரியும். படிச்சு முடிச்ச பொறவு வாங்க" என்றா. அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு, வேலையாட்கள் போனபின், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வகுப்பு. என் காலை மிதிக்கிறா, மிதித்துவிட்டு என் பிழை என்கிறா, எண்ணிக்கையையும் அவவே எண்ணுகிறா. அரை மணித்தியாலம் அவவின் கை என் தோளில் இருக்கிறது. மிகவும் கெட்டிக்காரி, விட்டால் இந்தக் கிழமையே முடித்துவிடுவா. நான் மெதுவாகத்தான் படிப்பிக்கிறேன். ஆகவே மச்சான், தயவுசெய்து எங்களைச் சமாதானம் செய்து வைக்க வேண்டாம்.