பருப்பு வேகாத ஊரில் மைக் அண்ணாச்சி

ஒரு பொருளின் பெயரையே சொல்லாமல் அதை விற்கத் தெரிந்த மனிதர் அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ஒருவர்தான் இருந்தார். ஒன்றையும் விற்காமல் ஓர் ஊரையே சாலை மறியலில் உட்கார வைத்தவரும் அவரேதான். மைக் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது.

கடைக்காரர்களுக்கு விளம்பரம் எழுதி, லோடு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, தானே மைக்கில் பேசிக்கொண்டு போவது அவர் தொழில். எழுதுவதெல்லாம் என் பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்துதான். வாடகை கிடையாது, டீயும் என் தலையில். யார் எதை விற்க வந்தாலும் அவரிடமிருந்து முதலில் வருவது ஒரே கேள்வி: "கேக்குறவுகளுக்கு என்ன தெரியும்?"

வழி கேட்டவனைக்கூட விடமாட்டார். "பஸ் ஸ்டாண்டு எங்கிட்டு இருக்கு?" என்று யாராவது அவசரமாகக் கேட்டால், "இருங்க, நம்ம ஊர்ல ஒங்களுக்கு என்னென்ன தெரியும்? அத மொதல்ல சொல்லுங்க" என்பார். அந்த ஆள் சொல்லி முடிப்பதற்குள் மதுரை பஸ் காரியாபட்டியைத் தாண்டியிருக்கும்.

ஒருமுறை பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் வந்தார். ஊரே வரிசையில் நிற்கிற கடை. சீரக சம்பா, விறகு அடுப்பு, மூன்று தலைமுறை என்று எல்லாவற்றையும் போடச் சொன்னார். அண்ணாச்சி தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, "இன்னைக்கும் உண்டு" என்று எழுதி நீட்டினார்.

"ரெண்டே வார்த்த! இதுக்கா துட்டு?"

"ஒங்க கடையத் தெரியாதவுக ஊர்ல இருக்காகளா? இல்லைல்ல? பெறகு எதுக்கு ஒங்க தாத்தாவ இழுக்கீக?"

அன்று மதியத்துக்குள் அண்டா காலி. விளம்பரமே இல்லாமல் நேற்றும் அண்டா காலிதானே என்று கடைக்காரர் கேட்டபோது, அண்ணாச்சி துட்டை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அக்கா மாட்டினாள். வீட்டில் வைக்கிற தண்ணீர் சுத்திகரிப்பு மிஷினுக்கு ஏஜென்சி எடுத்து, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை போட்டிருந்தாள். கடை ஓடவில்லையென்றால் திரும்பவும் நூல் மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போக வேண்டும். பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகாது, இழுப்பு வந்துவிடும். நான்தான் நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருந்தேன்: ஏழு அடுக்குச் சுத்திகரிப்பு, அதிநவீனத் தொழில்நுட்பம். வீரசோழன் ஊரில் நாலைந்து மிஷின் போனது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இருக்கிற வீடுகள். அவர்களுக்கு மிஷினைத் தெரியும், விலையை மட்டும்தான் கேட்டார்கள். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனால், ஒரு பெரியம்மா நோட்டீஸை மடித்து வெற்றிலை வைத்துக்கொண்டு, "எங்க தண்ணிக்கு என்ன கொறச்சல்? கஞ்சிக்கு உப்பே போட வேணாம்லா!" என்றார்.

அண்ணாச்சி என் நோட்டீஸை ஒருமுறை பார்த்தார். "தம்பி, நோயே இல்லன்னு இருக்கவுககிட்ட நீங்க மாத்திர விக்கிறீக" என்றார். பிறகு திட்டம் போட்டார். முதல் நாள் குறையை மட்டும் சொல்வது, மறுநாள் வழியைச் சொல்வது, அதற்கு மறுநாள்தான் கடைப் பெயர்.

முதல் நாள் அந்தத் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துக்கு நானும் ஆட்டோவில் போனேன். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "தாய்மாரே! பருப்பு வேகலன்னு இனிமே மருமகள வையாதீக. குத்தம் மருமக மேல இல்ல, அடுப்பு மேலயும் இல்ல. குத்தம் தண்ணியில இருக்கு. மீதிய நாளைக்கு வந்து சொல்றேன்."

மூன்று சுற்று முடிவதற்குள் ஊரிலிருந்த மருமகள்கள் அத்தனை பேரும் தெருவில் நின்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சிலிருந்தெல்லாம் அன்றைக்குத்தான் விடுதலை. அடுத்து நடந்ததை அண்ணாச்சியே எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் காலிக் குடத்தோடு போய்த் திருச்சுழி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல தண்ணி கொடு!

அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். "ஏதாச்சும் வித்துச்சாடா?"

"ஊரே நம்ம பக்கந்தான்க்கா. ஆனா ரோட்டுல உக்காந்துருக்கு."

ஜீப்பில் வந்த சப்-இன்ஸ்பெக்டர், "இவுங்கள யாருய்யா கெளப்பி விட்டது? எந்தக் கட்சி?" என்றார். பெண்கள் நல்லெண்ணத்தோடு கை காட்டினார்கள். "இந்தா, இந்த அண்ணாச்சிதான். மீதிய நாளைக்குச் சொல்றேன்னுருக்காக."

"இன்னைக்கே சொல்லித் தொலைய்யா!"

"அது மொறை இல்லைங்க சார். இவுகளுக்கு இப்பத்தான் கொறையே தெரிஞ்சிருக்கு."

மைக்கும் குழாயும் ஸ்டேஷனுக்குப் போயின. அதிகாரிகள் வந்து, ஊருக்கு லாரியில் நல்ல தண்ணீர் விடுவதாகச் சொல்லி மறியலை முடித்துவைத்தார்கள். லாரியும் வந்தது. இலவசமாக நல்ல தண்ணீர் வந்தால் மிஷினை யார் வாங்குவார்கள்? அக்கா கடைக்குள் உட்கார்ந்து அழுதாள், திரும்ப வேலைக்கு வருவதாக மில்லுக்கு ஆள் மூலம் சொல்லியும் விட்டாள். அண்ணாச்சி அவள் முன்னால் தலை குனிந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"கொறையச் சொன்னவன் அன்னைக்கே வழியையும் சொல்லிருக்கணும் தாயி. பாதியில விட்டுட்டேன். கொஞ்சம் பொறு."

எதற்குப் பொறுப்பது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் லாரிகளின் குணம் அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நாள் ஒழுங்காக வந்த லாரி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு அடியோடு நின்றுபோனது. அதற்குள் ஊருக்கே இரண்டு விசிலில் பருப்பு குழைவது பழகிவிட்டது. அண்ணாச்சி ஸ்டேஷனில் கெஞ்சிக் கூத்தாடி மைக்கை மீட்டுக்கொண்டு, அதே தெருவில் போய் நின்றார்.

"லாரி வரல. மிஷின் வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்த கடை."

அவ்வளவுதான் பேச்சு. முதலில் வந்தவர்கள் மாமியார்கள். மருமகள்கள் எதிர்த்துப் பேசப் பழகிவிட்டார்களாம், ஒரு மிஷினை வாங்கிப் போட்டாவது அந்த வாயை அடைக்கலாம் என்றார்கள். உப்பே போட வேண்டாம் என்ற பெரியம்மாவும் வந்தார். அக்கா மில்லுக்குப் போகவில்லை. கடை இன்றும் ஓடுகிறது, அவளும் இழுப்பில்லாமல் தூங்குகிறாள்.

போன வருஷம் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். அஞ்சலி போஸ்டர் அடிக்க உட்கார்ந்தேன். வயது, தொழில், வருந்தும் உறவினர் என்று நிறையத் தட்டச்சு செய்தேன். பக்கத்தில் அவருடைய ஸ்டூல் காலியாகக் கிடந்தது. கேக்குறவுகளுக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, படத்துக்குக் கீழே 'நம்ம அண்ணாச்சி' என்று மட்டும் போட்டேன். அருப்புக்கோட்டையில் ஒருவரும் யாரென்று கேட்கவில்லை.

உங்களுக்கு அவரைத் தெரியாது. அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். தெரிந்திருக்க வேண்டிய மனிதர்.