கை படக் கூடாத பாலம்

மனைவி பேச்சை மீறியே தீருவது என்று நான் முடிவு கட்டியது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஐந்தே முக்கால் மணிக்கு. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. வெட்கம்தான் கொஞ்சம் உண்டு.

என் மனைவி மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்கள் மகளும் அதே வகுப்பு. பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய செய்தித்தாளும் பசையும் வைத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே ஒரு பாலம் கட்ட வேண்டும். திங்கட்கிழமை பெற்றோர் முன்னால் அதன் மேல் புத்தகம் அடுக்கிப் பார்ப்பார்கள். கடைசி வரி தடித்த எழுத்தில்: "பெரியவர்கள் கை படக் கூடாது."

நான் இருபது வருஷமாகப் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவன். ஆறு ஆறுகளைத் தாண்ட வைத்த கை இது. இந்தக் கையா படக் கூடாது?

"இது என்ன அநியாயம்?" என்றேன்.

"பிள்ளைங்க தானா யோசிக்கணும். கோணலா வரட்டும், விழட்டும். ஏன் விழுந்துச்சுன்னு அதுங்களே கேக்கணும். அதான் பாடம்."

"விழுந்தா என் மானம் போகும்! பாலம் வரையறவன் மக கட்டினது ரெண்டு புத்தகத்துக்கே மண்டி போட்டா, ஆபீஸ்ல நான் எங்க போய் ஒளியறது?"

"பாலத்துக்கு அடியில."

"நான் கை வைக்கத்தான் போறேன்."

"கூடாது."

"வச்சா என்ன பண்ணுவே?"

"வச்சுத்தான் பாருங்களேன்" என்று நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் கோபமே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை அம்மாவும் மகளும் நீச்சல் வகுப்புக்குப் போனார்கள். அட்டைப் பெட்டியைத் திறந்தேன். மகளின் பாலம் நடுவில் தொய்ந்து கிடந்தது. பெற்ற வயிறு எரிந்தது. பெற்றது அவள்தான், எரிந்தது எனக்கு.

எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பையனும் அதே வகுப்பு.

"சார், டீச்சரம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்று அவர் தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கே பயந்தா, நாளைக்கு நம்ம பிள்ளைக்குச் செருப்பு மாட்டி விடவும் மனு எழுதிக் குடுக்கணும் டாக்டர்! இன்னும் ஆறு அப்பாங்ககிட்ட பேசிட்டேன். நம்மளோட சேர்த்து எட்டுப் பேர்."

வீரம் தொற்று வியாதி. டாக்டர் கட்டப் போய்விட்டார். நானும் உட்கார்ந்தேன். பென்சில் கனத்தில் குழல்கள், முக்கோணம் முக்கோணமாய்ச் சட்டங்கள், மில்லிமீட்டர் பிசகவில்லை. மகளின் பாலத்தைப் பரணில் ஏற்றிவிட்டு என்னுடையதைப் பெட்டியில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை மகள் பெட்டியைத் திறந்தாள். "இது என்னோடது இல்லையேப்பா?"

"உன்னோடதுதான்மா. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்து நிமிர்ந்திருக்கு."

அவள் அம்மா பார்ப்பது மாதிரியே என்னைப் பார்த்தாள்.

வகுப்பில் இருபது பாலங்கள், எண் ஒட்டி வரிசையாக. புத்தகம் ஒன்றையும் காணோம்.

"எடை வைக்கிறது அப்புறம்" என்றாள் என் மனைவி பிள்ளைகளிடம். "முதல்ல, இதுல எதெது பெரியவங்க கட்டினதுன்னு கண்டுபிடிங்க. சும்மா சொல்லக் கூடாது, காரணம் வேணும். அவங்கவங்க வீட்டுப் பாலத்தைப் பத்தி மட்டும் மூச்சு விடக் கூடாது."

பெற்றோர் வரிசையில் நான் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

என் மகள் ஏழாம் எண்ணை முகர்ந்தாள். "டீச்சர், இதுல கிராம்பு வாசனை வருது. பல் அடைக்கப் போனப்போ இதே வாசனைதான் வந்துச்சு. பசையில இப்படி வராது."

ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிற டாக்டர் தன் வாயை மூடிக்கொண்டார்.

அவர் பையன் என் பாலத்தைக் கவிழ்த்தான். "கீழ மூலையில குட்டிக் கட்டம் போட்டிருக்கு டீச்சர். வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி, திருத்தம் இரண்டுன்னு எழுதியிருக்கு. எங்க கிளாஸ்ல யாரும் சரிபார்க்கவே மாட்டோம்."

இருபது வருஷப் பழக்கம்! அந்தக் கட்டம் இல்லாமல் என் மேஜையை விட்டு எதுவும் நகர்ந்ததில்லை. கை தானாகப் போட்டிருக்கிறது.

அரை மணி நேரத்தில் எட்டுப் பேரும் சிக்கினோம். மற்ற ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"ஆமா, நான்தான் கட்டினேன்! இந்த ஏழு பேரையும் கிளப்பி விட்டதும் நான்தான்! தடையை மீறினேன், இன்னும் மீறுவேன்! பெத்த அப்பனை ஒதுக்கி வைக்கிற சட்டத்துக்கு எவன் பணிவான்?"

"பணியவே வேணாம்" என்றாள் என் மனைவி, சிரித்துக்கொண்டே. "துப்பறியறதுக்குப் பெரியவங்க கட்டின பாலம் வேணுமே! போன வருஷம் கட்டிக் குடுங்கன்னு மூணு கடிதம் போட்டேன், ஒரு அப்பாவும் எட்டிப் பாக்கல. அதான் இந்த வருஷம் கூடாதுன்னு எழுதினேன்."

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"நாலு வந்தா போதும்னு நெனச்சேன். எட்டாச் சேர்த்துக் குடுத்த அப்பாவுக்கு எல்லாரும் கை தட்டுங்க!"

எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியவள் என் மகள்.