வேனுக்குப் பால் காய்ச்சிய கதை

நம் ஆட்களுக்கு எந்த நாசத்திலும் ஒரு 'நல்லவேளை' கிடைத்துவிடும். கால் ஒடிந்தால், நல்லவேளை, இடது கால். வீட்டில் திருடு போனால், நல்லவேளை, நாம் வீட்டில் இல்லை. (இருந்திருந்தால் திருடன் ஏன் வரப்போகிறான்?) அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம் ஒரு வேன்.

மகள் சிங்கப்பூரிலேயே கிளமெண்டி பக்கம் பல்கலைக்கழக விடுதிக்குப் போன வருஷம், நானும் என் கணவர் பெனடிக்ட்டும் ஒரு பழைய கேம்பர் வேன் வாங்கினோம். உள்ளே ஒரு மெத்தை, கை கழுவும் தொட்டி, சின்ன கேஸ் அடுப்பு, ஜன்னலுக்குப் பளபளவென்று நைலான் திரை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் தனியாக எங்கேயும் போனதில்லை. தேனிலவுக்குப் பினாங்கு போனபோதே ஒரு பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் கூட வந்தார்கள். ஆகவே டிசம்பரில் மலேசியாவின் கேமரன் மலை. நான், அவர், வேன். வேறு ஈ காக்கை கிடையாது. உலகத்திடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

பெனடிக்ட்டின் அக்கா ரோசிலி எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு புளோக் தள்ளி இருக்கிறார். கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவி. குழு பாடாத நேரத்திலும் தலைவிதான். வேன் வந்த வாரமே பங்குச் சாமியாரை அழைத்து வந்து மந்திரிக்க வைத்தார். சாமியார் ஜெபம் சொல்லி, நாலு சக்கரத்திலும் தீர்த்தம் தெளித்துவிட்டுக் கிளம்பினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். (அப்பாவி!)

"சாமி மந்திரிச்சது வண்டிக்கு," என்றார் அக்கா. "உள்ள பெட் இருக்கு, அடுப்பு இருக்கு, சிங்க் இருக்கு. அப்ப அது வீடுலா. வீடுன்னா பால் காய்ச்சணும்."

"அக்கா, வீட்டுக்கு யாராவது ரோட் டாக்ஸ் கட்டுவாங்களா?"

"ரெண்டும்தான் ஜெசி. அதனால ரெண்டும் செய்யணும்."

நான் கணவரைப் பார்த்தேன். "கொஞ்சம் பால்தானே, அக்கா ஆசைப்படுறாங்க," என்றார். பெனடிக்ட் தங்கமான மனிதர். முதுகெலும்பை மட்டும் அக்கா வீட்டில் விட்டு வைத்திருக்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கின் கீழே, கார் நிறுத்துமிடத்தில், விழா தொடங்கியது. அக்கா சிராங்கூன் ரோட்டில் வாங்கிய புது எவர்சில்வர் பானையோடு வந்தார். அதன் கழுத்தில் மல்லிகைச் சரம். பால் கிழக்கே பொங்கினால்தான் குடும்பம் விளங்குமாம். அதற்காக வேனையே வெளியே எடுத்துத் திருப்பி நிறுத்தினார்கள். பால் தப்பித்தவறிக்கூட வேறு பக்கம் போய்விடக் கூடாதென்று, அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் அடுப்புக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துக் கொஞ்சம் சாய்த்தார். கிழக்கில் இருந்தது நைலான் திரை.

"திரையைக் கழட்டிடலாமே," என்றேன்.

"வேணாம், போட்டோவுல அழகா விழும்," என்றார் அக்கா.

பால் கிழக்கே பொங்கியது. அக்கா கண் கலங்கிப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். பொங்கிய பால் அடுப்பை அணைத்துவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. அக்கா எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்துபவர் அல்ல. எல்லாச் சரணமும் முடிந்த பிறகு சேவியர் அண்ணன், "அடடா, அணைஞ்சிடுச்சே! இன்னும் சீனி போடலையே," என்று லைட்டரைத் தட்டினார்.

'புஸ்' என்று ஒரு சத்தம். அண்ணனுடைய புருவங்கள் போய்விட்டன. திரை தொங்கியபடியே எரிந்தது. நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வெளியே குதித்தோம். அடுத்தது மெத்தை. பெனடிக்ட் தீயணைப்புக் கருவியை எடுத்து அடித்த அடியில் வேன் முழுக்க வெள்ளை மாவு. தீயணைப்பு வண்டி வருவதற்குள் புளோக்கில் எல்லா மாடியிலும் தலைகள்.

வந்தவர்களில் ஒருவர் தமிழ்ப் பையன். "அக்கா, உள்ள என்ன சமைச்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"பால்."

"காப்பிக்கா?"

"வேனுக்கு."

அவர் கரிந்த பானையைப் பார்த்தார். அதன் கழுத்தில் கருகிய மல்லிகையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்தப் பக்கம் பொங்குச்சு?" என்றார்.

"கிழக்கு!" என்றார் ரோசிலி அக்கா பெருமையாக.

"அதான் யாருக்கும் ஒண்ணும் ஆகல," என்றார் அந்தப் பையன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைப் பிடுங்கி எல்லார் மேலும் பீய்ச்சியிருக்க வேண்டும்.

எரிந்தது கொஞ்ச நேரம்தான். அதிலிருந்து மீள்வதுதான் பெரும்பாடு. கூரை கரி, தரை மாவு, நடுவே தீய்ந்த பால் நாற்றம். வேலை முடிந்து வந்து தினமும் முட்டி போட்டுத் தேய்த்தேன். துக்க வீட்டுக்கு வருவது போல் பங்கு மக்கள் பீகூன் நூடுல்சும் கேசரியுமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். "நல்லவேளை, டயருக்கு ஒண்ணும் ஆகல." "நல்லவேளை, மேல மரம் இல்ல." நாற்றம் போக ஒருவர் வாசனைப் பாண்டான் இலைக் கட்டு வைத்துவிட்டுப் போனார், இன்னொருவர் காப்பித்தூள். வேன் பலகாரக் கடை தீப்பிடித்தது போல் மணத்தது. ஒருவராவது, "உனக்குக் கோபமா இருக்கா ஜெசி?" என்று கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். எரிந்தது என் டிசம்பர். அவர்கள் திரை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை நான் உள்ளே கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவருகே சேவியர் அண்ணன் நின்றார். புருவம் பாதி முளைத்திருந்தது. ஒரு கையில் சாம்பிராணிப் பொட்டலம். மறு கையில் பால் டின். டின்னில் கணகணவென்று கரித்தணல்.

"புகை நாத்தத்தப் புகைதான்மா எடுக்கும்," என்று காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

நான் கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. "இறங்குங்கண்ணே! எல்லாரும் போங்க! எனக்கு யாரும் வேணாம்! நானும் என் புருஷனும் தனியா இருக்கணும்னுதான் இந்த வேனையே வாங்கினேன்!"

மேலே ஜன்னல்களில் துணி காயப்போடும் கழியைப் பிடித்திருந்த கைகள் அப்படியே நின்றன. (நாற்பத்தேழு வயதில், பட்டப்பகலில், பதினான்கு மாடிக்கும் கேட்கும்படி ஒரு குடும்பப் பெண் சொல்லும் வசனமா அது?) தமிழ் தெரியாத நாலாம் மாடி சீன ஆன்ட்டிகூட கீழே நின்ற பெனடிக்ட்டைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மறுநாள் பூசை முடிந்து வாசலில் சாமியார், "பயணம் எப்பம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஏன் வானத்தைப் பார்த்தார் என்பதுதான் கேள்வி.

அக்கா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தேக்கா சந்தையில் பருத்தித் துணி எடுத்து, தன் கையாலேயே திரை தைத்து அனுப்பினார். அண்ணன் புதுக் கட்டில் பலகை போட்டுக் கொடுத்தார். எனக்கு மனசு உறுத்தியது. அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று இரண்டு இரவு தூக்கம்கூட வரவில்லை.

புறப்படும் நாள் காலை கீழே இறங்கினால், வேன் பக்கத்தில் அக்கா. பக்கத்தில் அண்ணன். அண்ணன் பக்கத்தில் இரண்டு பெட்டி, ஒரு கூலர்.

"அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டே," என்றார் அக்கா என் கையைப் பிடித்து. "நான் மனசுல வச்சுக்கல. உன்னை மன்னிச்சிட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். பெனடிக்ட் ஏற்கெனவே பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

கேமரன் மலையில் புது மெத்தையில் அக்கா தூங்கினார், தரையில் அண்ணன். நானும் என் கணவரும் முன் சீட்டுகளில், நடுவே கியர். விடிந்ததும் அக்கா தேநீரோடு வந்து, பனியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை ஜெசி, அன்னைக்கு எரிஞ்சுச்சு. இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் பாவம், தனியால்ல வந்திருப்பீங்க."

எங்கள் வீட்டு விசேஷங்களில் இதை இன்றும் அக்காவே நடித்துக் காட்டுகிறார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. இப்போது மோட்டார் சைக்கிள் லைசென்சுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதில் இரண்டே பேர்தான் உட்கார முடியும் என்பதற்காக. விஷயம் அக்கா காதுக்கும் போய்விட்டது.

"பைக் எடுத்ததும் சொல்லு," என்று போன் செய்தார். "பானையைப் பத்திரமா வச்சிருக்கேன்."