பெரிய தட்டும் நீண்ட ஜெபமும்

வேளைக்கு இரண்டு கரண்டிச் சோறுதான் என்று டாக்டர் சொன்ன அன்றே தேவசிகாமணி முடிவெடுத்துவிட்டார். மூன்றாவது கரண்டியை அறிவியலால் மீட்டே தீருவது. பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். சோறு என்றால் அவருக்கு உயிர். அவருக்கிருந்த அதே சீனி வியாதியில் அவருடைய அண்ணன் கால் விரலை இழந்ததிலிருந்து, மனைவி சாலோமிக்கு அவரை நினைத்தாலே பயம்.

பெரிய வட்டத்துக்குள் வைத்தால் எந்த வட்டமும் சிறுத்துத் தெரியும். அது அவர் நடத்திய பாடம். வண்ணார்பேட்டைக்குப் போய், கடையிலேயே பெரிய தட்டாகப் பார்த்து வாங்கிவந்தார்.

மதியம் சாலோமி இரண்டு கரண்டி வைத்தாள். தட்டின் நடுவில் சோறு அநாதையாகக் கிடந்தது. அவர் முகத்தை மட்டும் கொஞ்சம் வாடவிட்டார்.

"பாக்கவே பாவமா இருக்கு," என்று இன்னொரு கரண்டி வைத்தாள்.

சோறு வைத்ததும் கண்ணை மூடி ஜெபம், குழம்பு அப்புறம்தான். அது அந்த வீட்டு வழக்கம். எப்போதும் நாலு வரியில் முடிப்பவர், அன்று மனம் நிறைந்து மழைக்கும் தாமிரபரணிக்கும் சேர்த்து நன்றி சொன்னார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் சோறு குறைந்த மாதிரி இருந்தது. திடுக்கிட்டார். பிறகு தமக்குள் சிரித்துக்கொண்டார். தட்டு பெரிதல்லவா, அவர் கண்ணையே ஏமாற்றுகிறது.

மூன்று மாதம் இப்படியே போனது. நன்றி சீவலப்பேரி வயல்கள்வரை நீண்டது. நாலு மணிக்கே பசித்தது. அதையும் பிரமை என்று தள்ளினார்.

ரத்தப் பரிசோதனையில் சீனி நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் பாராட்டினார். கள்ளச்சோறு தின்றவனுக்குப் பாராட்டா என்று அவருக்கு உள்ளே குத்தியது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

சாலோமி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். "பாடத்தையெல்லாம் வீட்டுலதான சத்தமா நடத்திப் பாப்பிய. தட்டக் கண்டதுமே எனக்குத் தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சுமா மூணாவது கரண்டி வச்ச?"

"வச்சேன். நீங்க கண்ண மூடுனதும் எடுத்துட்டேன்." அவள் குரல் தாழ்ந்தது. "உங்க அண்ணன் காலப் பாத்த பொறவு எனக்கு வேற வழி தெரியல."

நாளையிலிருந்து பழைய தட்டிலேயே சாப்பிடுவதாகத் தேவசிகாமணி சொன்னார்.

"தட்டு எதுன்னாலும் இருக்கட்டும். ஜெபத்த மட்டும் சுருக்கிராதிய," என்றாள் சாலோமி. "மொதல்ல மூணாவது கரண்டிய மட்டுந்தான் எடுக்க முடிஞ்சிது. இப்ப நீங்க சீவலப்பேரிக்குப் போயிட்டு வாரதுக்குள்ள ரெண்டாவதுலயும் பாதிய எடுத்துருதேன்."