தகட்டுக்கு வைத்த பொட்டு

பிள்ளைகளே, ஒரு மிஷின் ஓடவில்லை என்றால், அதைச் சரிசெய்யத் துடிக்கிறவனைத்தான் முதலில் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். எண்பதுகளின் கடைசியில் என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

அப்போது நான் தேயிலைத் தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. பெரிய கிராணி உங்கள் தாத்தா. (மாமனார் ஆவாரா என்பது அப்போது சந்தேகம்.) தோட்ட மானேஜர் துரை என் வேலையை நிரந்தரமாக்கினால் உங்கள் அம்மாவைக் கட்டித் தருவதாகத் தாத்தா சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கோலாலம்பூர் தலைமை ஆபீசிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே, கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு வட்டத் தகடு, நீங்கள் சி.டி. என்கிறீர்களே, அதுதான். தேயிலைக்கு வரும் நோயெல்லாம் படத்தோடு அதற்குள் இருக்கிறதாம். மிஷின் ஒளியைப் பாய்ச்சி அதைப் படிக்குமாம். அதற்குப் பயிற்சி எடுத்தவன் தோட்டத்தில் நான் ஒருவன்தான். கோலாலம்பூர் பெரியவர்கள் வரும்போது அதை ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று துரை சொல்லிவிட்டார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சரஸ்வதி பூஜை. டைப்ரைட்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். தகட்டை மட்டும் விடலாமா? ஒரு பக்கம் எழுத்து அச்சாகியிருந்தது. எழுத்தின் மேல் பூசினால் சரஸ்வதி முகத்திலேயே பூசியதாகிவிடும் என்று, வெறுமையாக இருந்த பளபளப்புப் பக்கத்தில் வைத்தேன். (அவ்வளவு பக்தி. அவ்வளவுதான் புத்தி.)

மறுநாள் பெரியவர்கள் பிரிஞ்சாங் டவுனில் பசியாறிக்கொண்டிருந்தபோது தகட்டைப் போட்டுப் பார்த்தேன். மிஷின் உர்ரென்று சுற்றி நின்றது. படிக்க முடியவில்லை என்று திரையில் எழுதியது. மிஷினை அணைத்து எழுப்பினேன். மலைக்குளிரில் தகடு விறைத்துப்போனதோ என்று, பொட்டு கலையாமல் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினேன். இசைத்தட்டு ஞாபகத்தில் புரட்டியும் போட்டேன். அந்த உர்ர்கூட ஒழுங்காக வரவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

பெரிய கிராணி பின்னாலேயே நின்றார். "தம்பி, கே.எல்.ல இருக்கிற மிஷின்காரருக்குப் போன் போடு லா. எம் பொண்ணு விஷயமும் இதுலதான் தொங்குது."

போனில் கிடைத்த மிஷின்காரரும் தமிழர்தான். கீறல் உண்டா, ஈரம் பட்டதா, வளைந்திருக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"அழுக்கு ஏதும்?"

"சுத்தமா இருக்கு சார்."

நான் பொய் சொல்லவில்லை. சந்தனத்தை யாராவது அழுக்கு என்பார்களா?

"விரல் தடம்கூட இருக்கக்கூடாதுங்க."

"இல்ல சார். ஓரத்தப் புடிச்சிக்கிட்டுதான் பொட்டு வச்சேன்."

"என்னா வச்சீங்க?"

பளபளப்புப் பக்கத்தைத்தான் மிஷின் கீழேயிருந்து படிக்கிறது என்றார். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் சத்தம். போனை வைத்துவிட்டு, சட்டை நுனியால் சட்டி கழுவுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். காய்ந்த சந்தனம் தகடு முழுக்கக் கோடு போட்டது. முன்னமே உள்ளே உதிர்ந்த தூள், படிக்கிற மிஷினின் கண்ணுக்குச் சந்தனக் காப்பு சாத்தியிருந்தது. பெரியவர்கள் வெறும் திரையைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்கள். துரை தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அடுத்த வாரமே என்னைக் கொழுந்து நிறுக்கப் போட்டார்கள். ஆபீஸ் நாற்காலியில் அதன் பிறகு நான் உட்காரவே இல்லை. பெரிய கிராணி என்னைக் கண்டால் வேறு பாதையில் போனார். பெண் இல்லை என்று சொல்லியனுப்பியும் விட்டார். குளிரிலும் எனக்குத் தூக்கம் வராமல் போன நாட்கள் அவை.

உங்கள் அம்மாதான் அவரிடம் நேராகக் கேட்டாளாம்: "சாமி கும்பிட்டதுக்காப்பா ஒரு மனுசன வேணாங்கிறீங்க?" தாத்தா பஞ்சாங்கத்தை எடுத்தார். நாள் பார்த்தார்கள்.

இப்போது பேப்பர் எழுத்து மங்குகிறதென்று நான் கண்ணைச் சுருக்கினால், அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதில்லை. முந்தானையால் என் நெற்றிச் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, "இப்பப் படிங்க" என்கிறாள்.