மஞ்சள் நூல் கட்டிய வேம்புகள்

அம்மையார்குப்பம்,
6-10-1979

மகாகனம் பொருந்திய சிங்காரம் பாவா அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் பஞ்சாட்சரம் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தணிகை முருகன் தயவில் நானும் கன்னியம்மாளும் மகள் அம்சாவும் சௌக்கியம். அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

முதலில் என் நன்றி. தாலுகா ஆபீசில் தாங்கள் எழுதிக்கொடுத்த மனுவால்தான் எங்கள் ஊர்க்காட்டில் பள்ளிக்கூரைக்கு முப்பது வேம்பு வெட்ட அனுமதி கிடைத்தது. போன ஐப்பசி மழையில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பாதிக் கூரை விழுந்தது தங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு என் வீட்டுக் கூடத்தில். வாத்தியார் கோதண்டபாணி ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்ல, கட்டத்துக்கு எட்டு இழை போடவேண்டிய நான் ஏழு, பதினாலு, இருபத்தொன்று என்று போட்டு நெய்த லுங்கியை எந்த வியாபாரியும் தொடவில்லை. அதை நானேதான் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் இன்ஸ்பெக்டர் வந்து, அடுத்த மழைக்குள் கூரை போடாவிட்டால் பள்ளியை மூடிப் பிள்ளைகளைப் பொதட்டூர்பேட்டைக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு தூரம் யார் பெண் பிள்ளையை அனுப்புவார்கள்? மூன்றாவது படிக்கும் அம்சாவின் படிப்பும் அதோடு சரி.

மலையடிவாரத்தில் பதினாலு வருஷத்துக்கு முன் ஊர்கூடி நட்ட நானூறு வேம்பு அது. காய்ந்த சுள்ளி பொறுக்கலாம், பச்சைக் கிளையில் கை வைக்கக்கூடாது, ஆடு உள்ளே வரக்கூடாது என்று கட்டுப்பாடாகக் காத்தோம். கமிட்டித் தலைவன் நான். நெருக்கமாக நிற்பதில் முப்பதை எடுத்தால் மற்றவை நன்றாகப் பருக்கும், வெட்ட வேண்டியதற்கு மட்டும் குறி போடு என்றார் பாரஸ்ட் கார்டு. சுண்ணாம்பு அடித்திருக்கலாம். நெசவுக்காரன் புத்தி, தறியில் மீந்த மஞ்சள் நூல்தான் கண்ணில் பட்டது. முப்பது மரத்திலும் கட்டிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஆந்திரா பக்கத்திலிருந்து காவடி எடுத்து நடந்து வருகிறவர்கள் நம் காட்டு நிழலில்தான் இளைப்பாறுவார்கள். புளிச்சோறு சாப்பிடுவார்கள், பிள்ளைகள் ஊஞ்சல் கட்டி ஆடும். வேப்ப மரத்தில் மஞ்சள் நூலைப் பார்த்தால் அவர்கள் சும்மா போவார்களா? கல்யாணத்துக்கு ஒன்று, பிள்ளை வரத்துக்கு ஒன்று என்று வேண்டிக்கொண்டு கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்து நம்மூர்ப் பெண்களும் கட்டினார்கள். நான் போய்ப் பார்த்தபோது நானூறு மரத்திலும் மஞ்சள் நூல்.

மரம் வெட்டும் சின்னசாமி நாலு ஆளோடு வந்து நின்றான். "மஞ்ச நூல் கட்னத வெட்டச் சொன்னீங்க. நானூறும் கட்டிகினு நிக்குது. நானூறையும் சாய்ச்சிடட்டுமா?" என்றான். அதற்குள் எங்கள் தெரு எல்லம்மாள் ஒரு மரத்தடியில் நீட்டிப் படுத்துவிட்டாள். "எம்பொண்ணு பத்மாவுக்குப் புள்ள வரம் கேட்டுக் கட்டிக்கீறேன். கோடாலிய மொதல்ல எம்மேல வெய்யி" என்றாள். ஒருபக்கம் காடே போய்விடும், மறுபக்கம் பள்ளியே போய்விடும்.

கன்னியம்மாள்தான் காப்பாற்றினாள். "இன்னாங்க, நீங்க கட்னது தறி முடிச்சுதானே? அறுந்த இழைய சேக்கற மாதிரிதானே போட்டிருப்பீங்க? தடவிப் பாத்தா தெரியாதா?" என்றாள். அதுவரை அது என் மண்டைக்கு எட்டவில்லை. இருவரும் நானூறு மரத்தையும் தடவித் தடவி, பொழுது சாய்வதற்குள் முப்பதையும் கண்டுபிடித்தோம். பார்த்தால் எல்லம்மாள் படுத்திருந்ததும் அந்த முப்பதில் ஒன்று. நான் அந்த முடிச்சில் வைத்த விரலை எடுக்காமல் நின்றேன். அவளே எழுந்து தன் நூலை அவிழ்த்தாள். "ஆத்தா இந்த ஒரு மரத்துலதான் குந்திகினு இருக்காளா? பக்கத்து மரத்துல கட்டினா கேக்க மாட்டாளா? பசங்க நனையாம படிக்கட்டும்" என்று சொல்லி அடுத்த மரத்தில் கட்டினாள். மற்றப் பெண்களும் அப்படியே மாற்றிக் கட்டினார்கள், ஊர் தெரியாத காவடிக்காரர்களின் நூலையும் சேர்த்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேப்பம்பூ கண்ணில் விழுந்தது என்று சொன்னேன். ஆடி மாதத்தில் ஏது வேப்பம்பூ?

கூரை ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை மூன்றாம் வகுப்பு பாய், பலகையோடு கிளம்பிப் போனது. இனி எனக்குத் தலைமையும் வேண்டாம், வாய்ப்பாடும் வேண்டாம். நானுண்டு, தறியுண்டு, அமைதியுண்டு. எல்லாம் தாங்கள் போட்ட மனு. தாங்களும் அக்காவும் நூறாண்டு நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
பஞ்சாட்சரம்

பி.கு.: இன்ஸ்பெக்டர் நேற்று வந்தார். கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, உட்கார இடம் மட்டும் இருந்தால் வருகிற ஜூனில் நாலாம் வகுப்பும் தருகிறேன் என்றார். நாலு நாளாக அந்த அமைதியில் எனக்கு ஒரு முழம்கூட நெய்ய வரவில்லை பாவா. "எங்க வீட்ல இடம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். கன்னியம்மாளுக்கு இன்னும் தெரியாது. அக்காவிடமும் சொல்ல வேண்டாம். அம்சாவிடம் மட்டும் சொன்னேன். ஜூனுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அவள் இன்றைக்கே கூடத்தைப் பெருக்கிவிட்டாள்.