நடுக்கதவைத் திறந்த நட்சத்திர ஆராய்ச்சி

விண்மீன் ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கியவனிடம் கல்யாணப் பந்தியை ஒப்படைக்கவே கூடாது. வாங்கியவனே சொல்கிறேன், நம்புங்கள்.

என் தங்கை கல்யாணம், சின்னாளபட்டிக்குப் போகும் வழியில் ஒரு மண்டபம். அருகருகே இரண்டு சாப்பாட்டுக் கூடங்கள், நடுவில் ஒரு கதவு. இந்தப் பக்கம் எங்கள் ஆட்களுக்கு, அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாருக்கு. அவர்கள் இன்னும் மேடையில் போட்டோவுக்கு நின்றதால் அங்கே எல்லாம் காலி. இங்கோ ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் நின்று, சாப்பிடுகிறவரின் மோர்ச்சோற்றை முறைத்துக்கொண்டிருந்தார்.

"செத்த நேரம் பாத்துக்க அப்பு, தண்ணி கேன் வந்துருச்சான்னு பாத்துட்டு வாரேன். அந்தக் கதவ மட்டும் தொறந்துராத" என்று சொல்லிவிட்டுப் போனார் சித்தப்பா.

பட்டம் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. தனியாகச் சுற்றும் விண்மீன் மண்டலத்தில் (கேலக்ஸிதான்) நட்சத்திரங்கள் ஆற அமரப் பிறக்கும். இரண்டு மண்டலங்கள் மோதினால் வாயுவெல்லாம் நடுவில் போய்க் குவியும், நட்சத்திரங்கள் கும்பல் கும்பலாகப் பிறக்கும். ஐந்து வருடம் இதைத்தான் எழுதினேன். (வீட்டில் கேட்டதெல்லாம், "நாளைக்கு மழை வருமா?") ஒரு தடவையாவது படிப்பு உபயோகப்படட்டும் என்று கதவைத் திறந்தேன்.

நின்றவர்களெல்லாம் அந்தப் பக்கம் பாய்ந்து உட்கார்ந்தார்கள். கோட்பாடு பிரமாதமாக வேலை செய்தது. அரை மணியில் நான்கு பந்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு மாப்பிள்ளையின் அப்பா உறவினர்களோடு வந்து உட்கார்ந்தார். இலையில் உப்பும் ஊறுகாயும் விழுந்தன. அதற்கப்புறம் எதுவும் விழவில்லை. அவர்களுக்கென்று வைத்திருந்ததையும் எங்கள் ஆட்களே தின்று தீர்த்திருந்தார்கள், காலி அண்டாவில் கரண்டி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. சம்பந்தியை வெறும் இலை முன் உட்கார வைத்த வீட்டுப் பெண் என்ற பெயரோடுதான் தங்கை இனி அங்கே வாழப் போக வேண்டும். வெட்கமாக இருந்தது.

என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் விளக்கினேன். மோதலில் ஆரம்பித்து, கடைசியில் வாயு தீர்ந்து மண்டலமே அடங்கிப்போவது வரை.

"தீந்துரும்னு முன்னமே தெரியுமா தம்பி?"

"தெரியும் மாமா. கடைசி அத்தியாயமே அதுதான்."

"பெறகு எதுக்குக் கதவத் தொறந்தீங்க?"

என் வாய்மொழித் தேர்வில்கூட யாரும் இப்படி மடக்கவில்லை.

மறுபடி உலை வைத்து அவர்கள் சாப்பிட மணி மூன்றானது. தங்கை அழுத அழுகையில் அலங்காரம் மொத்தமும் கலைந்தது.

போன மாதம் அவள் மகளுக்குக் காதுகுத்து, அதே மண்டபம். தாய்மாமன் என்று குழந்தையை என் மடியில்தான் உட்கார வைத்தார்கள், மரியாதையில் குறையில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், நடுக்கதவில் தொங்கிய பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஆசாரியை ஊசியை எடுக்கச் சொன்னார்.